கோயில் அளவுப் பாலன்

கிறிஸ்துமஸுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, ஒன்பது கோயில்களின் பாலன் இயேசுக்கள் இன்னும் தலையில்லாமல் அலமாரியில் கிடக்கும்போது, ஈரப் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்ட மனிதரை வீட்டில் யார் கொஞ்சுவார்கள்? அச்சுக்காரரை யாரும் கொஞ்சவில்லை.

"அம்பத்திரண்டு வயசாச்சு, மூணு படி இறங்கத் தெரியல" என்றாள் அவருடைய அக்கா.

"ஆயுசு பூரா மாவு குழைச்ச கைக்கு டாக்டர் மாவுக்கட்டு போட்டு அனுப்பியிருக்கார் பாருங்க அண்ணி" என்றாள் மனைவி.

எப்போதுமே பேசுகிற ஆள் இல்லை அவர். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "பாலனை இந்த வருஷம் வேற பட்டறையில வாங்கிக் குடுத்துடலாம்" என்று மட்டும் சொன்னார். அதற்கு இரண்டு பெண்களும் சேர்ந்து கொடுத்த பேச்சை இங்கே எழுத வேண்டியதில்லை.

கோயில் சிலைகளை, சுரூபங்களை, செய்கிற பட்டறை அது. வீட்டின் பின்பக்கத்தில் மூன்று அறைகள். கடைசி அறையில் அச்சுக்காரர் பிளாஸ்டர் மாவு கரைத்து அச்சில் ஊற்றுவார். நடு அறையில் அவருடைய அக்கா உட்கார்ந்து, வந்ததையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாள். தலையிலிருந்து கால்வரை வெள்ளையாகிப்போய், சுரூபங்களோடு சுரூபமாக இருப்பாள். முன் அறையில் ஜன்னலோரம் மனைவி வர்ணம் பூசுவாள். சுரூபங்களுக்குக் கண் எழுதுவதில் அவளை அடிக்க ஆளில்லை. அதனால் கோயில் வட்டாரத்தில் அவளுக்குக் கண்ணுக்காரி என்றே பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது.

ஒரு வாரமாகத் தூறல் விடவில்லை. ஊற்றியது எதுவும் காயாமல், நடு அறையில் கரி அடுப்பு மூட்டி அதைச் சுற்றி இடையர்களையும் ஆடுகளையும் நிற்க வைத்திருந்தார்கள். கல்லெறிபட்டுச் செத்த முடியப்பர் கையில் கல்லோடு மூலையில் நின்றார். கிறிஸ்துமஸுக்கு மறுநாளே அவருக்குத் திருநாள். அதற்கு இரண்டு நாள் கழித்து பாலன் இயேசுவைக் கொல்லத் தேடி ஏரோது ராஜா வெட்டிப்போட்ட மாசில்லாக் குழந்தைகளுக்குத் திருநாள். "ஒரு பிள்ள பொறந்திருக்குன்னு சந்தோஷமா நாலு நாள் இருக்க விடுறாங்களா பாரு. உடனே கல்லெறி, உடனே வெட்டுக்குத்து" என்று அக்கா வருஷம் தவறாமல் குறைப்பட்டுக்கொள்வாள். தேய்க்கிற வேலையில் கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதானே இருக்கிறது.

வீட்டுக் கிறிஸ்துமஸ் குடில்களுக்கான சின்னப் பாலனை யார் வேண்டுமானாலும் ஊற்றலாம். கோயில் அளவுப் பாலன் மட்டும் அப்படியில்லை. பிறந்த குழந்தையின் அளவே இருக்கும் அது. உடம்பு ஒரு அச்சு, தலை ஒரு அச்சு. தலையை அச்சுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு தானே ஊற்றுவார், தானே செதுக்குவார், தானே தேய்த்துச் சுருள் முடி ஒட்டி, முடிந்த தலையாகத்தான் வெளியே கொண்டுவருவார். அந்த அச்சு ஒரு மரப்பெட்டியில் இருந்தது. பூட்டு கிடையாது. "அதத் தொடாதே" என்று ஒருமுறை சொல்லியிருந்தார். தொழில் ரகசியம், ஆம்பளை வீம்பு என்று கண்ணுக்காரியும் விட்டுவிட்டாள். பத்தொன்பது வருஷம் விட்டுவிட்டாள்.

புதன்கிழமை காலை கையின் கட்டைப் பார்க்க வரச்சொல்லியிருந்ததால் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் தெரு முனை திரும்பியதும் கண்ணுக்காரி பெட்டியைத் திறந்தாள். ரப்பர் அச்சு. உள்ளே சோப்புத் தண்ணீர் தடவி, மாவு கரைத்து ஊற்றி, காற்றுக் குமிழ் போக இரண்டு தட்டுத் தட்டினாள். அவர் செய்வதை மற்ற அச்சுகளில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். அரை மணி கழித்து, மாவு இறுகி, சூடேறி, கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும்போது ரப்பரை உரித்தாள்.

பாலனின் கண்கள் மூடியிருந்தன.

மாவு சரியாக ஓடவில்லை என்றுதான் முதலில் நினைத்தாள். ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். மாவு நன்றாகவே ஓடியிருந்தது. இமைகள் லேசாக வீங்கி, கீழ் இமையோடு ஒட்டிய கோடு மயிரிழையாகத் தெரிந்தது. மூக்கு நுனி ஒரு பக்கம் அழுந்தியிருந்தது. மேலுதடு நடுவில் பால் குடிக்கிற பிள்ளைக்கு இருக்கிற மேடு. எந்தச் சிற்பியும் இதையெல்லாம் யோசித்துச் செய்யமாட்டான். முகம் அவள் உள்ளங்கையில் சூடாக இருந்தது.

சுருள் முடி ஒட்டாததால் காதுகள் தெரிந்தன. வலது காதுக்கு முன்னால், கன்னம் தொடங்குகிற இடத்தில், மிளகு அளவுக்குச் சதை துருத்திக்கொண்டிருந்தது.

கண்ணுக்காரியின் கை தானாகத் தன் வலது காதுக்குப் போனது. அங்கே அவளுக்கும் அதே மிளகு. அவள் அம்மாவுக்கும் இருந்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது அதைச் சொல்லித்தான் இதே நாத்தனார், "கம்மல் ஒண்ணு இலவசமா வந்திருக்கு" என்று சிரித்தாள்.

"அண்ணி" என்றாள். தலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடு அறைக்குப் போனாள். "அண்ணி, இது யாரு?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த ஆட்டுக்குட்டி நழுவித் தரையில் விழுந்து கால் போயிற்று. குனிந்து அதை எடுக்கவில்லை அவள்.

"அதக் கீழ வை."

"யாருன்னு கேட்டேன்."

"அவன் வரட்டும். அவன் வந்து சொல்லுவான். நீ முதல்ல உக்காரு."

"நீங்க சொல்லுங்க. நீங்கதான தூக்கிட்டு வந்தீங்க. எனக்கு நெனவில்ல, நீங்கதான ஆஸ்பத்திரியில இருந்து துணியில சுத்தி எடுத்துட்டு வந்தீங்க. மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு நான் எத்தன தடவ கேட்டேன் உங்கள? ஞாபகமில்லன்னு சொன்னீங்களே."

அக்கா தன் இரண்டு வெள்ளைக் கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அதுவே பதிலாகப் போயிற்று.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், இதே போல டிசம்பரில், கண்ணுக்காரிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவளுக்கு ரத்தம் நிற்காமல், காய்ச்சல் கண்டு, நான்கு நாள் நினைவில்லை. கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குழந்தை பிறந்து கொஞ்ச நேரத்தில் போய்விட்டது, அடக்கம் பண்ணியாகிவிட்டது என்றார்கள். பார்க்காமல் இருந்ததே நல்லது, பார்த்திருந்தால் மறக்க முடியாது என்று எல்லோரும் ஒரே பாட்டாகப் பாடினார்கள். அவள் என்னவோ மறந்துவிட்டது போலவும், பார்க்காததுதான் அவளுடைய அதிர்ஷ்டம் போலவும். அதற்குப் பிறகு பிள்ளை தங்கவில்லை. தன் பிள்ளையின் முகம் தனக்குத் தெரியாது என்பது ஒரு நோய் போல அவளுக்குள் இருந்தது. தெருவில் போகிற பிள்ளைகளையெல்லாம் அந்த வயசு, இந்த வயசு என்று கணக்குப் போட்டுப் பார்ப்பாள். எந்த முகத்தை வைத்துப் பார்ப்பது என்றுதான் தெரியாது.

அந்த முகத்துக்கு அவள் பத்தொன்பது வருஷமாகக் கண் எழுதியிருக்கிறாள். கன்னத்துக்கு ரோஸ் வைத்திருக்கிறாள். வருஷத்துக்கு ஒன்பது, பத்து. மூக்கு உடைந்து திரும்பி வந்ததற்கு மூக்கு ஒட்டியிருக்கிறாள். வர்ணம் கெட்டதை, "தூக்கிப் போடுங்க, இது ஆகாது" என்று கூடையில் வீசியிருக்கிறாள். சிமெண்டுத் தரையில், விழுந்து கிடந்த ஆட்டுக்குட்டிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தாள். தலையை மட்டும் மடியிலிருந்து இறக்கவில்லை. அது ஆறிக்கொண்டிருந்தது.

அச்சுக்காரர் வந்து வாசலில் நின்றார். மடியைப் பார்த்தார். குடையை மடக்க மறந்து, விரித்த குடையோடு உள்ளே வர முயன்று, கதவில் இடித்துக்கொண்டார்.

"அக்கா சொன்னாளா?"

"யாரும் சொல்லல. காது சொல்லுச்சு" என்றாள் கண்ணுக்காரி. பிறகு, அவர் உட்காருவதற்கு முன்பே, அதுவரை நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டாள். "மாவு ஊத்தும்போது உசுரு இல்லேன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

அவர் முகம் செத்துவிட்டது. இப்படி ஒரு கேள்வி வரும் என்று அந்த மனிதர் பத்தொன்பது வருஷத்தில் ஒருநாளும் எதிர்பார்த்திருக்கவில்லை.

"விடியறதுக்கு முன்னாடி போயிடுச்சு" என்றார். "பத்து மணி வரைக்கும் மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒருவேள மூச்சு விடுமோன்னு. நெஞ்சுல காத வெச்சு வெச்சுப் பாத்தேன். அக்காவக் கேளு."

"பாத்தான்மா" என்றாள் அக்கா. "நான்தான் போதும்டா, பிள்ள சில்லுன்னு ஆயிடுச்சுன்னு சொன்னேன்."

"எதுக்குப் பண்ணீங்க?"

"உனக்குத்தான்" என்றார் அவர். "நீ எந்திரிச்சதும் மூஞ்சியக் கேப்பேன்னு தெரியும். எங்கிட்ட போட்டோ எடுக்க என்ன இருந்துச்சு? எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். எண்ணெய் தடவி, மூக்குல பஞ்சு வெச்சு, மெதுவா ஊத்துனேன். அதுல தலை எடுத்து, அப்புறம் ரப்பர் அச்சு போட்டேன். உனக்குக் காட்டணும்னுதான் பண்ணேன்."

"அப்புறம் ஏன் காட்டல?"

"நீ இருந்த நெலமைக்குக் காட்டாதேன்னு எல்லாரும் சொன்னாங்க. டாக்டர் சொன்னார், உங்கம்மா சொன்னாங்க. சரி, அடுத்த மாசம்னு நெனச்சேன். அப்புறம் பழைய பாலன் அச்சு கிழிஞ்சு போச்சு. கோயில்ல இருந்து வந்து நிக்கிறாங்க. அந்த ஒரு வருஷத்துக்குன்னு நெனச்சுத்தான் இதுல ஊத்துனேன். கண்ணத் தொறந்து, அந்த மிளகத் தேச்சு, முடிய ஒட்டிக் குடுத்துட்டேன்." கட்டுப் போட்ட கையைத் தூக்கி முகத்தைத் துடைக்கப் பார்த்தார், முடியவில்லை. "திருப்பலி முடிஞ்சு பாலனுக்கு முத்தம் குடுக்க ஊரே வரிசையில நின்னுச்சு. பாட்டியில இருந்து கைப்பிள்ள வரைக்கும். எம்பிள்ளைக்கு. கல்லறைச் சுவருக்கு வெளிய கொண்டுபோய்ப் புதைக்கச் சொன்னாங்களே, அதே ஆளுங்க. ஒவ்வொருத்தரா மண்டி போட்டாங்க. நான் என்ன பண்ணுவேன், நீயே சொல்லு. அடுத்த வருஷம் எப்படி நிப்பாட்டுவேன்?"

"ஒரு தலையில கண்ணத் தொறந்து, அதுல வேற அச்சு எடுத்திருக்கலாமே" என்றாள் கண்ணுக்காரி. இந்த நிலைமையிலும் அவளுக்குள் இருந்த வேலைக்காரி கேட்டாள். "ஒரு நாள் வேலை. வருஷா வருஷம் எதுக்கு ஒவ்வொண்ணாச் செதுக்குனீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "தூங்குறதப் பாக்கணும்ல" என்றார்.

அதுவரை அழாமல் இருந்தவளுக்கு அந்த ஒரு வார்த்தையில் வந்தது அழுகையல்ல, கோபம். உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி கோபம்.

"அப்ப நீ பாத்திருக்கே" என்றாள். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் அவரை அவள் நீ என்று சொன்னதில்லை. "வருஷா வருஷம் கதவச் சாத்திக்கிட்டு நீ உம்பொண்ணப் பாத்திருக்கே. ஊரு பாத்திருக்கு, முத்தம் குடுத்திருக்கு. நான் மட்டும் ஓரமா நின்னு, எங்கையால பெயிண்ட் அடிச்சதுக்கு நானே முத்தம் குடுக்கவான்னு சிரிச்சிட்டு வந்திருக்கேன். ஒரு வருஷம்கூடக் குடுக்கல. ஒருத்தியக் குருடாக்கி வெச்சுட்டு அவளையே கண்ணெழுதச் சொன்னியே."

அவர் செய்தது பாசம்தான், அதில் சந்தேகமில்லை. பாசத்திலேயே இவ்வளவு பெரிய திருட்டும் நடக்கும் என்பதுதான் கொடுமை.

"கெட்டுப்போனத எல்லாம் கூடையில போட்டேனே" என்றாள் அவள், சத்தம் இறங்கி.

"அதெல்லாம் நான் எடுத்துட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம், அவளுக்குப் பக்கத்துலயே வெச்சுட்டேன்."

மத்தியானம் சோறு வடித்தது வடித்தபடி இருந்தது. அக்கா அடுப்புக்கரியைக் கிளறிவிட்டு, சூசையப்பர் சுரூபத்தைத் திருப்பி வைத்துவிட்டு, மறுபடி கரியையே கிளறினாள். மூன்று மணி சுமாருக்குப் பங்குச்சாமியார் வந்தார். போன வருஷம் மாற்றலாகி வந்தவர், சின்ன வயசு. தன் கோயில் குடிலுக்குப் பாலன் ஆயிற்றா என்று பார்க்க வந்தவர், வந்த வேகத்தில் பேசத் தொடங்கி, யாரும் பதில் சொல்லாததைக் கண்டு பாதியில் நிறுத்தினார்.

"யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார்.

"ஆமா சாமி" என்றாள் கண்ணுக்காரி. "பத்தொன்பது வருஷமாச்சு. எனக்கு இன்னிக்குத்தான் காட்டுனாங்க."

அவளே எல்லாவற்றையும் சொன்னாள். அச்சுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாமியார் கேட்டுக்கொண்டே வந்து, ஓரிடத்தில் கண்ணாடியைக் கழற்றினார்.

"போன வருஷம் நான் கையில ஏந்திட்டுப் போனது?"

"அவதான்."

பக்கத்திலிருந்த மாவு மூட்டையில் சாமியார் உட்கார்ந்துவிட்டார். அங்கி பின்பக்கம் மாவாகும் என்று அக்காவுக்குச் சொல்லத் தோன்றி, சொல்லாமல் விட்டாள்.

"நான் பீடத்துல இருந்து இறங்கும்போது நெத்தியில முத்தம் குடுத்தேன்" என்றார் சாமியார், தனக்குத்தானே சொல்வது போல. பிறகு, ஏதாவது உருப்படியாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். "உங்களுக்கு மனசுக்கு ஒப்பலேன்னா இந்த வருஷம் புதுசு வேண்டாம்மா. கோயில்ல பழைய பாலன் இருக்கு, அதையே வெச்சுக்கறேன்."

"பழசும் அவதான் சாமி."

அவர் கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். படித்துவந்த எதிலும் இதற்குப் பாடம் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அதனால்தானோ என்னவோ கண்ணுக்காரிக்கு அவரிடம் கேட்கத் துணிச்சல் வந்தது.

"இது பாவமா சாமி? பொம்பளப் பிள்ள மூஞ்சி. ஞானஸ்நானம் வாங்காத பிள்ள. அத ஆண்டவர்னு வெச்சுக் கும்பிட வெச்சிருக்கோம்."

"நான்தான் தண்ணி ஊத்தல சாமி" என்று அக்கா இடையில் புகுந்தாள். "அது ஒரே ஒரு தரம் வாயத் தொறந்து மூடுச்சு. பக்கத்துல சொம்புல தண்ணி இருந்துச்சு. சாகப்போற பிள்ளைக்கு யாரு வேணா ஊத்தலாம், ஒரு நிமிஷ வேலை, எனக்கு மந்திரமும் தெரியும். கையும் ஓடல காலும் ஓடல. ஊத்தியிருந்தா சுவருக்கு உள்ள படுத்திருக்கும்."

சாமியார் அடுப்பைச் சுற்றி நின்ற இடையர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பாவமான்னு கேட்டா எனக்குத் தெரியலம்மா. சத்தியமாத் தெரியல" என்றார். "பழைய மாதா படமெல்லாம் பாத்திருப்பீங்க. அதுல இருக்கிறது மாதா மூஞ்சின்னு யாருக்குத் தெரியும்? வரைஞ்சவன் வீட்டுப் பொண்ணோ, பக்கத்து வீட்டுத் துணி வெளுக்கிறவங்களோ வந்து உக்காந்திருப்பாங்க. அந்த மூஞ்சிக்கு முன்னாலதான் நாம மெழுகுவத்தி ஏத்துறோம். ஞானஸ்நானம்னா," என்று நிறுத்தினார். "இருபத்தெட்டாந் தேதி மாசில்லாக் குழந்தைகளுக்குப் பூசை வெக்கப் போறேன். சிவப்பு உடுப்புப் போட்டு, வேதத்துக்காக உசுரக் குடுத்த வேதசாட்சின்னு பேரு சொல்லி. அந்தப் பிள்ளைங்களுக்கு யாரு தண்ணி ஊத்துனாங்க? அதுங்களுக்குப் பேச்சே வரல. ஒண்ணையும் விசுவசிக்கல, ஒண்ணும் செய்யல. அதுங்க பேருகூட நமக்குத் தெரியாது. பெத்தவங்க அழுதாங்கன்னு மட்டும்தான் எழுதியிருக்கு."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நீங்க என்ன சொல்றீங்களோ அதான்" என்றார் சாமியார் எழுந்து. "வேண்டாம்னா இந்த வருஷம் குடில்ல வெறும் வைக்கோல வெச்சுட்டு, ஏன்னு கேக்கிறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். மத்த எட்டுச் சாமியாருங்களுக்கும் நானே சொல்றேன். நாளைக்கு வந்து கேக்கட்டுமா?"

"ஒரு மணி நேரம் இருங்க சாமி" என்றாள் கண்ணுக்காரி.

அவள் எழுந்தாள். காலையில் ஊற்றிய தலை மடியிலேயே ஆறி, கல்லாக இறுகியிருந்தது. அதற்கு இனி கண் திறக்க முடியாது. மாவு சூடாக இருக்கும்போதே செதுக்கிவிட வேண்டும், பிறகு கத்தி இறங்காது. அவள் அந்தத் தலையைக் கொண்டுபோய்த் தன் படுக்கையில், தலையணை மேல் வைத்துவிட்டு வந்தாள். போகும்போது நெற்றியிலும், மூடிய இரண்டு இமைகளிலும், கடைசியாக அந்த மிளகிலும் உதட்டை வைத்தாளா என்பது அவளுக்கும் அறைக்கும் தெரியும். திரும்பி வந்தபோது உதட்டில் மாவு இருந்தது.

"அண்ணி, என்ன நெறம்?"

"என்னது?"

"பிள்ள. நெறம் சொல்லுங்க. மாவுல நெறம் பதியாது, இவருக்கும் அதெல்லாம் சொல்லத் தெரியாது. நான் ரோஸ் அடிச்சு வெச்சிருக்கேன் இத்தன வருஷமா."

அக்கா இந்த முறை ஞாபகமில்லை என்று சொல்லவில்லை. "உன் நெறம்" என்றாள். "உன்னவிட ஒரு மாத்துக் குறைச்சல். உள்ளங்கை மட்டும் செவப்பு. முடி சுருட்ட எல்லாம் இல்ல, நீட்டமா நெத்தியில ஒட்டிக் கெடந்துச்சு. புருவம் இருந்தும் இல்லாத மாதிரி. கீழுதட்டுல சின்னதா ஒரு வெடிப்பு."

ஒவ்வொன்றையும் கண்ணுக்காரி தலையசைத்து வாங்கிக்கொண்டாள். பிறகு கடைசி அறைக்குப் போய், சாத்தப் பார்த்த கதவை நன்றாகத் திறந்து வைத்தாள். மாவைக் கரைத்தாள். சாமியாரே வாளியைப் பிடித்துக்கொண்டார். அரை மணி காத்திருந்தார்கள். ஓட்டில் தூறல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ரப்பரை உரித்ததும் இரண்டாவது தலை வெளியே வந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. அதே வீங்கிய இமைகள், அதே அழுந்திய மூக்கு.

"மிளக யாரும் தேய்க்கக் கூடாது" என்றாள். "சுருள் முடியும் வேண்டாம்."

"சரி" என்றார் அச்சுக்காரர். அன்றைக்கு முதல் தடவையாக அவள் பக்கத்தில் வந்து நின்றார். இடது கையால் தன் மெல்லிய கத்தியை எடுத்து நீட்டினார். "மேல் இமைக்கு அடியில முனைய வெச்சு, வெளியில இருந்து உள்பக்கமா இழுக்கணும். அழுத்தாத. சூடு இருக்கிறப்பவே பண்ணிடு."

அவள் கத்தியை வாங்கினாள். மன்னித்துவிட்டாள் என்று இதை வைத்து யாரும் முடிவுகட்ட வேண்டாம். அதற்கெல்லாம் இன்னும் எத்தனையோ நாள் இருக்கிறது. தலையை மடியில் சாய்த்து, இடது பெருவிரலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தாள். சாமியார் என்ன நினைப்பார் என்று பார்க்கவில்லை.

"எந்திரிடி" என்றாள், பள்ளிக்கூடத்துக்கு நேரமான பிள்ளையை எழுப்புகிற குரலில். "எம்மாம் நேரம் தூங்குவே. அம்மா வந்துட்டேன், எந்திரி."